கொக்குவிலுக்குப் போகாத இணைப்பு

பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் குற்றிடுவதைப் பெரும்பாலும் தவிர்த்தே எழுதினர். ஓலை பொத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அவ்வாறே. அரவுக்கும் ரகரத்துக்குமோ வடிவிலே வேற்றுமை காண்பது அரிது. அத்தகைய ஏடுகளை நல்லூர் ஆறுமுக நாவலரும் (1822 – 1879), சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832 – 1901) அச்சுக்குக் கொண்டுவந்தபோது, ஒரே கீற்றைப் பலவாறு வாசித்துப் பார்த்துப் பொருள் பொருந்தும் பாடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்தது. கண்ணுக்கு ஒன்றாய் நின்றதை அவர்கள் அறிவினாலே இரண்டாகப் பிரித்தறிந்தனர்.

இன்று நம் வீடுகளிலே ஓலை இல்லை; மடிக்கணினி இருக்கிறது. குற்றும் கொம்பும் அரவும் திரையிலே ஐயத்துக்கு இடமின்றித் துலங்குகின்றன. ஆயினும் பழைய சிக்கல் வேறொரு வேடம் புனைந்து திரும்பி வந்திருக்கிறது. திரையில் ஒரே சொல்லாகத் தோன்றுவது கணினியின் உள்ளே இரண்டு வெவ்வேறு சொற்களாக இருத்தல் கூடும். அதனால் விளையும் இடர்களுள் ஒன்று, குறிப்பேட்டு மென்பொருள்களில் ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் செல்லும் இணைப்பு அறுந்துபோதல். இஃது அற்ப விடயம் போலத் தோன்றலாம். எனினும் ஒரு குடும்பத்தின் கதை முழுவதுமே இத்தகைய இணைப்பு ஒன்றிலே தொங்கி நின்றதை அண்மையிலே காண நேர்ந்தது. அதனால் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படுமாறு இதனைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றேன்.

‘காண்க’ என்னும் சொல்

அகராதிகளைப் புரட்டியவர்கள், ஒரு சொல்லுக்குப் பொருள் கூறாது, ‘இன்ன சொல்லைக் காண்க’ என்று மட்டும் குறித்திருப்பதைக் கண்டிருப்பர். மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 ஆம் ஆண்டிலே ‘அபிதான கோசம்’ என்னும் நூலை வெளியிட்டுத் தமிழிலே கலைக்களஞ்சிய முயற்சிக்கு வழிதிறந்தார். அத்தகைய நூல்களை வாசிப்பவன் நேர்கோட்டிலே செல்வதில்லை. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குத் தாவித் தாவியே செல்கிறான். அத்தாவலுக்குக் கைவிரலே துணை.

விரல் செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்று 1945 ஆம் ஆண்டிலே அமெரிக்கராகிய வன்னெவர் புஷ் ஒரு கட்டுரையிலே கற்பனை செய்தார். 1965 இல் ரெட் நெல்சன் அதற்கு ‘ஹைப்பர்ரெக்ஸ்ட்’ என்று பெயரிட்டார். 1995 இல் வார்ட் கனிங்ஹம், பக்கத்தின் பெயரை எழுதினாலே இணைப்பாகிவிடும் ‘விக்கி’ முறையை இயக்கிக் காட்டினார். இன்று மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் நாம் பயன்படுத்தும் குறிப்பேட்டு மென்பொருள்கள் பலவும் அந்த விக்கியின் வழித்தோன்றல்களே. ஒப்சிடியன், ஸிம் முதலியவற்றிலே இரட்டைச் சதுர அடைப்புக்குள் ஒரு பக்கத்தின் பெயரை எழுதினாற் போதும், அது இணைப்பாகிவிடும். பக்கம் ஒவ்வொன்றும் கணினியிலே தனிக் கோப்பாக இருக்கும். பக்கத்தின் பெயரே கோப்பின் பெயர்.

இவ்வமைப்பின் அழகும் ஆபத்தும் இங்கேயே இருக்கின்றன. இணைப்பு என்பது பக்கத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறன்று. அது பக்கத்தின் பெயரைக் கூவி அழைக்கும் ஒரு குரல் மாத்திரமே. அந்தப் பெயருக்கு உரிய பக்கம் இல்லையென்றால், மென்பொருள் பலவும் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்வதற்குப் பதிலாக, அதே பெயரில் வெறும் பக்கமொன்றைப் புதிதாகத் திறந்துவைத்து விடுகின்றன. எழுதத் தொடங்குபவருக்கு இது பேருதவி. எழுதியதைத் தேடி வருபவருக்கோ திகைப்பு.

ஒரு மாணவியின் குறிப்பேடு

உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, தன் அம்மம்மா சொல்லிய குடும்பக் கதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தாள். அம்மம்மா காலமாகிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ரொறன்ரோவிலே இருக்கும் மாமா. பல ஆண்டுகளுக்கு முன்னே பாமினி எழுத்துருவிலே தட்டெழுதி வைத்திருந்ததை, ஒரு மாற்றியின் துணைகொண்டு யூனிக்கோட்டாக மாற்றி, ஊருக்கொரு பக்கமாகப் பிரித்து மருமகளுக்கு அனுப்பினார். பழைய கணினி கழிக்கப்பட்டுவிட்டது. மூலப் பிரதி வேறெங்கும் இல்லை. மாணவி ‘எங்கள் குடும்பம்’ என்று ஒரு முகப்புப் பக்கம் எழுதி, அதிலே ஊர்ப் பெயர்கள் யாவற்றையும் இணைப்புக்களாக இட்டாள்.

அடுத்த நாள் வந்து அவள் கூறிய முறைப்பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“சேர், நல்லூருக்குப் போகுது. கொக்குவிலுக்குப் போகுதில்லை.”

காங்கேசன்துறை வண்டியைப் பற்றிய முறைப்பாடு போலவே இருந்தது. எந்தெந்த ஊர்களுக்குப் போகிறது, எந்தெந்த ஊர்களுக்குப் போகவில்லை என்று தாளிலே இரண்டு நிரலாக எழுதிக்கொண்டு வரும்படி அவளிடம் கூறினேன். இது மிக எளிய செயல். இத்தகைய கோளாறுகளிலே பாதியை இந்த ஒரு செயலே தீர்த்துவிடும். ஆனாலும் மடிக்கணினியின் முன்னே இருக்கும் எவருக்கும் பேனாவை எடுக்க மனம் வருவதில்லை.

நல்லூர், இணுவில், சுன்னாகம், மானிப்பாய், நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி ஆகிய பக்கங்கள் திறந்தன. கொக்குவில், கோண்டாவில், கோப்பாய், கொடிகாமம், தொண்டைமானாறு ஆகியன திறக்கவில்லை.

வாசகர்களும் ஒரு கணம் இந்த இரு நிரல்களையும் நோக்குக. தூரமோ திசையோ இங்கே காரணமன்று. கோண்டாவிலும் இணுவிலும் அடுத்தடுத்த புகைவண்டி நிலையங்கள். ஒன்று திறக்கிறது, மற்றது திறக்கவில்லை. திறக்காத பெயர் ஒவ்வொன்றிலும் ஒகர உயிர்மெய்யாவது ஓகார உயிர்மெய்யாவது இருக்கிறது. திறந்த பெயர்களில் ஒன்றிலேனும் அவை இல்லை.

கொம்பும் அரவும்

யூனிக்கோட் என்னும் உலகப் பொதுக் குறிமுறையிலே, ‘கொ’ என்னும் எழுத்தை எழுத இரண்டு வழிகள் உண்டு. ககரத்தின் பின் ஒகரக் குறி என்னும் தனிக் குறியொன்றை இடுவது முதலாவது வழி. ககரத்தின் பின் கொம்பை ஒரு குறியாகவும் அரவை இன்னொரு குறியாகவும் தனித்தனியே இடுவது இரண்டாவது வழி. திரையிலே இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. ‘கோ’ என்பதற்கும் ‘கௌ’ என்பதற்கும் இவ்வாறே இருவழிகள் உள்ளன. ஏனைய உயிர்மெய்களுக்கு இத்தொல்லை இல்லை.

‘கொடிகாமம்’ என்பது நமக்கு ஐந்து எழுத்துச் சொல். கணினிக்கோ முதலாவது வழியில் 9 குறிகள்; இரண்டாவது வழியில் 10 குறிகள். ஒன்பதும் பத்தும் ஒன்றாகுமா? ஆகாது என்றே இயந்திரம் விடை கூறும். இவ்விரு வடிவங்களையும் சமமாகவே கொள்ளவேண்டும் என்பது யூனிக்கோட் நியமம். ஆயினும் கோப்புப் பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் மென்பொருள்கள் பல அதனைப் பொருட்படுத்துவதில்லை. விண்டோஸ் கணினியிலே ஒரே கோப்புறைக்குள் ‘கொடிகாமம்’ என்னும் பெயரில் இரண்டு கோப்புக்கள் அருகருகே இருத்தல் கூடும், லினக்ஸிலும் அவ்வாறே.

மாமாவின் பக்கங்களிலே இரட்டைக் குறி எவ்வாறு புகுந்தது? பாமினி எழுத்துருவிலே தட்டெழுதியவர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். அது பழைய தட்டச்சுப் பொறியின் மரபைப் பின்பற்றுவது. ‘கொ’ என்று எழுதக் கொம்பு, ககரம், அரவு என்று மூன்று விசைகளை அந்த ஒழுங்கிலே அழுத்தவேண்டும். யூனிக்கோட்டிலோ மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. ஆகவே மாற்றியானது கொம்பைத் தூக்கி ககரத்தின் பின்னே வைக்கவேண்டும். வைத்தபின் அதனை அரவோடு சேர்த்து ஒற்றைக் குறியாக்கவும் வேண்டும். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்யாது விடும் மாற்றிகள் உண்டு. சாவகச்சேரியிலே இரட்டைக் கொம்பு தனியே வருவதனால் முதல் வேலை மட்டுமே போதுமாயிற்று. அதனால் அப்பக்கம் தப்பியது. கொடிகாமம் அகப்பட்டுக்கொண்டது.

மாற்றிகள் மட்டுமே காரணம் என்று கருதவேண்டா. மக் கணினிகளிலே 2017 ஆம் ஆண்டுக்கு முன்னர் வழங்கிவந்த கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களைத் தானாகவே இத்தகைய பிரிந்த வடிவிற்கு மாற்றிச் சேமித்தது. அதற்குள்ளே இருக்கும்வரை இடரில்லை. அங்கிருந்து வேறு கணினிக்குக் கோப்புக்கள் இடம்பெயரும்போது தொல்லை தலைகாட்டும். புலம்பெயர்ந்த உறவினரும் ஊரிலே இருப்போரும் சேர்ந்து ஒரு குறிப்பேட்டை எழுதும் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

அழிக்கப் போன கை

மேற்கூறிய மாணவியின் கதையிலே அபாயமான கட்டம் இனித்தான் வருகிறது. கொடிகாமம் என்னும் இணைப்பை அவள் சொடுக்கியபோது மென்பொருள் புதிதாக ஒரு வெறும் பக்கத்தைத் திறந்தது. அதனைக் கண்ட பிள்ளை, மாமா அனுப்பிய பக்கமே வெறுமையாக வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டாள். பின்னர் கோப்புறையைத் திறந்து பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புக்கள். ஒன்று மிகை என்று கருதி அழிக்கவும் ஆயத்தமானாள். எதை அழிப்பது? இரண்டின் பெயரும் ஒன்று. கண்ணை நம்பி அழித்திருந்தால், 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் திரண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றி ஒரு தாய் சொல்லிய சொற்கள், அவரோடேயே போயிருக்கும்.

ஆகவே இணைப்பு ஒன்று அறுந்ததைக் கண்டவுடன் செய்யவேண்டிய முதற்காரியம், மீண்டும் மீண்டும் அதனைச் சொடுக்காதிருத்தல். இரண்டாவது, கோப்புறை முழுவதையும் அப்படியே வேறோர் இடத்திற் பிரதிபண்ணி வைத்தல். அதன்பின் கோப்புக்களின் அளவைப் பார்க்கலாம். வெறும் பக்கத்தின் அளவு சுழியமாகவோ அதற்கு அண்மித்ததாகவோ இருக்கும். எழுத்துள்ள பக்கம் தன் கனத்தைத் தானே காட்டும்.

பெயரிலேதான் கோளாறு என்று ஐயுற்றால் அதனை உறுதிப்படுத்த இலகுவான சோதனையொன்று உண்டு. பக்கத்தின் பெயரைப் பிரதிசெய்து வெற்றுப் பக்கமொன்றிலே ஒட்டுக. ‘கொ’ என்னும் எழுத்தின் வலப்பக்கத்தே சுட்டியை நிறுத்தி, பின்னோக்கி அழிக்கும் விசையை ஒரேயொரு முறை அழுத்துக. ககரம் மட்டும் எஞ்சினால் அங்கே இருந்தது ஒற்றைக் குறி. ‘கெ’ என்பது எஞ்சினால், அதாவது அரவு மாத்திரம் மறைந்து கொம்பு நின்றால், இரட்டைக் குறி. பெரும்பாலான எழுதுமென்பொருள்களில் இச்சோதனை பலிக்கும். வகுப்பிலே இதனைச் செய்து காட்டியபோது, கணக்கிலே நாட்டமில்லாத மாணவர்களும் எழுந்து வந்து பார்த்தனர். எழுத்தின் உள்ளே எழும்பு இருப்பதை அன்றுதான் கண்டார்கள் போலும்.

தேடிப் பார்த்தாலும் பக்கம் அகப்படவில்லையே என்று சிலர் கேட்பர். அகப்படாது, தேடலும் குறிகளையே பொருத்திப் பார்க்கிறது. இத்தருணத்திலே ஒகரத்தை விட்டுவிட்டு எஞ்சிய பகுதியை மட்டும் தேடவேண்டும். ‘கொடிகாமம்’ என்பதற்குப் பதிலாக ‘டிகாமம்’ என்று தேடுக; ‘கோண்டாவில்’ என்பதற்கு ‘ண்டாவில்’. மறைந்திருந்த பக்கம் வெளிப்படும்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திக் கூறவேண்டும். கோளாறு தலைப்போடு நிற்பதன்று. பக்கத்தின் உடலிலும் அதே குறிகளே பரந்திருக்கும். இந்த மாணவியின் குறிப்பேட்டிலே ‘கிணறு’ என்று தேடினால் மாமா எழுதிய பக்கங்கள் வரிசையாக வந்தன. ‘தோட்டம்’ என்று தேடினால் ஒன்றுமில்லை. ‘கோயில்’ என்று தேடினாலும் ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவர் தம் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடித்தார், கோயிலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று நம்பமுடியுமா? நம்பக்கூடிய ஒருவர் இருக்கிறார்: ஊரறியாத ஆராய்ச்சியாளர். எண்ணிம வடிவிலே உள்ள நூல்களிற் சொற்களைத் தேடி எண்ணிக் கட்டுரை எழுதும் பல்கலைக்கழக மாணவர்கள், ‘இச்சொல் இங்கே வழங்கவில்லை’ என்று முடிவுகட்டுமுன் இதனை நினைத்துக்கொள்வார்களாக.

மருந்து எளிது. பிரிந்த குறிகள் யாவற்றையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிட்டால் போதும். இதற்கு யூனிக்கோட்டிலேயே வகுத்த ஒழுங்கு உண்டு. பைதன் போன்ற நிரல்மொழிகளிலே அதற்கென ஆயத்தமான கட்டளையும் உண்டு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் உயர்தர மாணவர் எவரும் அரை மணித்தியாலத்திலே எழுதிவிடக்கூடிய சிறு நிரல் அது. கோப்பின் பெயர், உள்ளே உள்ள எழுத்து, இணைப்புக்கள் ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றவேண்டும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும். நிரல் எழுத வராதவர்கள் பக்கத்தின் பெயரை அழித்து, தம் விசைப்பலகையாலே புதிதாகத் தட்டெழுதினாலும் இணைப்புக் கூடிவிடும். பக்கங்கள் சிலவாயின் அதுவே விரைவான வழி.

மருந்துக்கு அடங்காதவை

எல்லாத் தோற்றமயக்கமும் இம்மருந்துக்கு அடங்குவதில்லை. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். சில விசைப்பலகைகள் அதனை நாம் அறிந்த ஸகரத்தைக் கொண்டு ஆக்குகின்றன. வேறு சில, 2005 ஆம் ஆண்டில் யூனிக்கோட்டிலே சேர்க்கப்பட்ட ‘ஶ’ என்னும் எழுத்தைக் கொண்டு ஆக்குகின்றன. எழுத்துருக்கள் பலவற்றிலே இரண்டும் ஒரே வடிவம். ஆனால் இவற்றைச் சமமாகக் கொள்ளுமாறு நியமம் கூறவில்லை. ஸ்ரீலங்கா என்று தொடங்கும் பக்கத்துக்கு இட்ட இணைப்பு அறுந்தால் இங்கேதான் முதலிலே ஐயுறவேண்டும்.

ஔகாரம் இன்னும் பொல்லாதது. ஔவையார் என்று எழுதவேண்டிய இடத்திலே ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு எழுதுவோர் அச்சுலகிலேயே பலர் உளர். கௌதாரிமுனையை ‘கெள’ என்று தொடங்கினால் கண் ஏமாறும், கணினி ஏமாறாது. தமிழ் எண்களை ஆசையினாலே தலைப்பில் இடுவோரும் கவனிக்கவேண்டும்: ஒன்றுக்குரிய ‘௧’ வேறு, ககரம் வேறு, இரண்டுக்குரிய ‘௨’ வேறு, உகரம் வேறு. சொல்லின் இறுதியிலே தெரியாமல் ஒட்டிக்கொண்ட ஓர் இடைவெளியும் இணைப்பை அறுக்கும். ஆங்கிலத்தார்க்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று ஒரு தொல்லை உண்டு. விண்டோஸிலே வேலைசெய்த இணைப்பு லினக்ஸிலே அதனாலே அறும். அது நமக்கில்லை என்பது ஓர் ஆறுதல்.

எழுத்தோடு தொடர்பில்லாத காரணங்களுள் இரண்டை மட்டும் சொல்லி வைக்கிறேன். திகதியை 30/10/1995 என்று தலைப்பில் எழுதக்கூடாது. சாய்கோடு கோப்புறையைப் பிரிக்கும் குறியாதலால், மென்பொருள் ஒன்று அதனை மறுக்கும் அல்லது பக்கத்தைப் புதிய கோப்புறைக்குள் கொண்டுபோய் வைக்கும். 1995-10-30 என்று எழுதினால் இடருமில்லை. பக்கங்கள் கால ஒழுங்கிலும் நிற்கும். மற்றது நீளம். லினக்ஸ் கணினியிலும் அன்ரொயிட் கைப்பேசியிலும் கோப்பின் பெயருக்குப் பொதுவாக 255 பைற்று எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைற்று போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைற்று கொள்ளும். ‘அம்மம்மா கொடிகாமத்தில் இருந்தபோது மாமாவுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றுக்கு மாமா எழுதிய மறுமொழிகளும்’ என்பது பத்தே சொற்கள். 90 குறிகளும் 9 இடைவெளிகளுமாக 279 பைற்று ஆகிவிடுகிறது. குறிகளையே எண்ணும் விண்டோஸ் இதனை ஏற்கும். தந்தையின் மடிக்கணினியிலே இருந்த பக்கம் மகனின் கைப்பேசிக்கு வராதுபோவதன் காரணம் சிலவேளை இதுவே.

பெயரா, எண்ணா?

பெயர் மாறும்; எண் மாறாது. இதனை நன்குணர்ந்தவர் ஜெர்மானியச் சமூகவியலறிஞர் நிக்லஸ் லூமன் (1927 – 1998). கணினியின் துணையின்றிச் சுமார் 90,000 குறிப்புத் துண்டுகளை மரப்பெட்டிகளிலே சேர்த்துவைத்தார். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். ஒரு துண்டு மற்றொன்றை எண்ணாலேயே சுட்டும். தலைப்பு மாறினாலும் கருத்து மாறினாலும் சுட்டு அறுவதில்லை. நம் பக்கத்திலும் நல்ல சான்று உண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிலே பேணும் நூலகம் என்னும் இணைய நூலகம் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அங்கே ஆவணம் ஒவ்வொன்றுக்கும் ‘நூலக எண்’ ஒன்று இடப்பட்டிருக்கிறது. நூலின் பெயரை ஒருவர் ‘கோவில்’ என்றும் மற்றொருவர் ‘கோயில்’ என்றும் எழுதினாலும் எண் ஒன்றே.

மென்பொருள்களுள்ளும் ஜொப்லின் போன்றவை ஒவ்வொரு குறிப்புக்கும் நீண்ட அடையாள எண்ணொன்றை உள்ளே இட்டு, இணைப்புக்களை அதனாலேயே நடத்துகின்றன. அவற்றிலே தலைப்பை எவ்வாறு மாற்றினாலும் பாதகமில்லை. மைக்ரோசொவ்ற் வன்நோட் அடையாள எண்ணையும் வைத்திருக்கிறது, குறிப்பேடு இருக்கும் இடத்தின் முகவரியையும் வைத்திருக்கிறது; குறிப்பேட்டையே இடம் மாற்றினால் பழைய இணைப்புத் திகைக்கும். பெயரால் நடப்பவற்றிலே பக்கத்தின் பெயரை மாற்றவேண்டுமாயின் மென்பொருளின் உள்ளிருந்தே மாற்றவேண்டும். அப்போது ஏனைய பக்கங்களிலுள்ள இணைப்புக்களும் கூடவே திருந்தும். கோப்புறையைத் திறந்து வெளியே நின்று பெயர் மாற்றினால் திருந்தா. பக்கத்தின் உள்ளே ஒரு குறிப்பிட்ட தலைப்புக்கு இட்ட இணைப்பும் இத்தகையதே. தலைப்பை நேரே அழித்தெழுதினால் பக்கம் திறக்கும், ஆனால் உரிய இடத்துக்குப் போகாது முகப்பிலேயே நின்றுவிடும். அது அறுந்துவிட்டது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அடையாள எண்ணே சிறந்தது, அப்படியாயின் பெயரால் நடக்கும் மென்பொருள்களைக் கைவிடலாமே என்று கேட்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. பெயரால் நடப்பவை குறிப்புக்களை வெறும் எழுத்துக் கோப்புக்களாகவே வைத்திருக்கின்றன. மென்பொருள் மறைந்தாலும் எந்தக் கணினியிலும் அவற்றைத் திறந்து வாசிக்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் குறிப்பேட்டுக்கு அது பெரிய நன்மை. இரண்டின் நலத்தையும் பெறும் வழி, பெயரின் முன்னே நாமே ஓர் எண்ணை இடுவது: ‘017 கொடிகாமம்’ என்றாற்போல. அரபு எண்ணுக்கு இரு வடிவமில்லை. பெயரிலே எழுத்து மயங்கினாலும் எண்ணைத் தேடிப் பக்கத்தைப் பிடித்துவிடலாம்.

மாணவியும் அவ்வாறே எண்ணிட்டாள். வகுப்புத் தோழன் ஒருவன் எழுதிக் கொடுத்த நிரலை முதலிலே பிரதியின்மீது ஓட்டிப் பார்த்து, பின்னர் மூலத்தின்மீது ஓட்டினாள். கொக்குவிலும் கோப்பாயும் தொண்டைமானாறும் திறந்தன. வெறும் பக்கங்களை அளவு பார்த்து நீக்கினாள். அதன்பின் ‘கோயில்’ என்று தேடியபோது முதலிலே வந்தது கொடிகாமத்துப் பக்கம். நாவற்குழியிலிருந்து மழையிலே நடந்து வந்த களைப்போடு, ஊர் பேர் அறியாத ஒரு கோயில் மண்டபத்திலே பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டுத் தாம் தூணிலே சாய்ந்தபடி விடியும்வரை விழித்திருந்ததாக அம்மம்மா அதிலே சொல்லியிருக்கிறார்.